பிள்ளைக்கு ஒரு ஸ்வெட்டர்

மாம்பலத்திலிருந்து ஓர் அம்மாள் எனக்கு நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். முதல் மூன்று பக்கமும் பிள்ளையின் பெருமை. அதில் தவறு ஒன்றும் இல்லை. பெற்றவள் பேசாமல் வேறு யார் பேசுவார்கள்? நாலாவது பக்கத்தில்தான் விஷயம் வருகிறது.

"பிள்ளை அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்தில் உத்தியோகமாக இருக்கிறான். கயாக் என்று ஏதோ ஒரு குட்டிப் படகு வாங்கியிருக்கிறானாம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அதில் ஏறிக்கொண்டு கடலில் மீன் பிடிக்கப் புறப்பட்டு விடுகிறான். நம் வீட்டில் மீன் வாசனையே கிடையாது. போகட்டும், அது அவன் இஷ்டம். ஆனால் டிசம்பர் மாதக் குளிரிலும் போகிறானே, அதை நினைத்தால் எனக்கு இங்கே நடுங்குகிறது. கனமாக ஒரு ஸ்வெட்டர் பின்னி முடித்து விட்டேன். காட்டன் பனியன் அரை டஜன் வாங்கியிருக்கிறேன். தெரிந்தவர்கள் அடுத்த மாதம் போகிறார்கள். கொடுத்தனுப்பலாமா? வேறு என்ன அனுப்பலாம்?"

மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தக் கடிதம் வந்திருந்தால், "பேஷாக அனுப்புங்கள், கழுத்தை மட்டும் கொஞ்சம் உயர்த்திப் பின்னுங்கள்" என்று இரண்டு வரி எழுதி முடித்திருப்பேன். நல்ல வேளை, நடுவில் நானும் அந்த ஊரைப் பார்த்து விட்டேன். பெண்ணோடு நாலு மாதம் இருந்துவிட்டு வந்தேன். அங்கே எனக்கு நேர்ந்த ஒரு சின்னச் சம்பவத்தை முதலில் சொல்லி விடுகிறேன்.

அது மே மாதம். வெயில் பளிச்சென்று அடித்தது. உஷ்ணம் 20 டிகிரி இருக்கும்; நம் கொடைக்கானல் போல இதமாக இருந்தது. ப்யூஜெட் ஸவுண்ட் என்று அந்த ஊரை ஒட்டிக் கடல் உள்ளே நுழைந்து கிடக்கிறது. கரையில் பேத்தி விளையாடிக்கொண்டிருந்தாள். அவளுடைய பிளாஸ்டிக் வாளி தண்ணீரில் மிதந்து போயிற்று. "பாட்டி எடுத்துத் தருகிறேன்" என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் இறங்கினேன். முழங்கால் ஆழம்தான். கல் நடுவே மாட்டிக்கொண்ட வாளியை விடுவிக்க இரண்டு மூன்று நிமிஷம் கையைத் தண்ணீருக்குள் வைத்துத் துழாவினேன்.

கரைக்கு வந்த பிறகு குழந்தையின் கவுனுக்குப் பொத்தான் போடப் போனேன். போட முடியவில்லை! விரல்கள் என்னுடையவை மாதிரியே இல்லை. ஐம்பது வருஷமாக ஊசி பிடித்த கை, ஒரு பொத்தானை ஓட்டைக்குள் நுழைக்க முடியாமல் விழித்தது. காலோ ஆயிரம் முள் குத்தினாற்போல எரிந்தது. மேலே வெயில், தண்ணீர் மட்டும் 11 டிகிரிதான் என்று மாப்பிள்ளை சொன்னார்.

அதே சமயம் ஓர் இளைஞன் கயாக்கை இழுத்துக்கொண்டு கரையேறினான். கழுத்திலிருந்து பாதம் வரை ஒரே துண்டாக ஆரஞ்சு நிற உடுப்பு; சந்திர மண்டலத்துக்குப் போய் வந்தவன் போல இருந்தான். "இந்த வெயிலில் இது எதற்கப்பா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "இது வெயிலுக்காகப் போட்டது இல்லை, பாட்டி. நான் தண்ணீருக்குள் விழுந்தால் அதற்காகப் போட்டது" என்றான்.

மாம்பலத்துச் சகோதரிக்கு என் பதிலும் அதுதான். கயாக்கில் போகிறவன் காற்றின் குளிரைப் பார்த்து உடுத்தக் கூடாது. தண்ணீரின் குளிரைப் பார்த்து உடுத்த வேண்டும்.

தண்ணீர் செய்கிற வேலை

நம் கட்டுமரக்காரர்கள் இடுப்புத் துணியோடு கடலுக்குப் போய் வருகிறார்களே என்று கேட்கலாம். நம் வங்காள விரிகுடா மேலே 27, 28 டிகிரி வெதுவெதுப்பாக இருக்கிறது. ப்யூஜெட் ஸவுண்டில் வருஷம் முழுவதும் சுமார் 7 டிகிரியிலிருந்து 13 டிகிரிக்குள்தான். மீன் பிடிக்கிறவர்கள் வைத்திருக்கும் கயாக்கில் பெரும்பாலானவை கட்டுமரம் மாதிரிதான். உள்ளே இறங்கி உட்காராமல் மேலேயே உட்காரலாம். பெரிய மீன் இழுத்தாலோ, பக்கவாட்டில் ஓர் அலை வந்தாலோ ஆள் தண்ணீரில்தான். நல்ல பழக்கம் உள்ளவர்களும் விழுகிறார்கள்.

ஒரே அளவு குளிர்ச்சியுள்ள காற்றும் தண்ணீரும் இருந்தால், தண்ணீர் தேகத்தின் சூட்டைக் காற்றைப் போல் சுமார் 25 மடங்கு வேகமாக இழுத்து விடும். ஆனால் ஆபத்து அதற்கும் முன்னாலேயே வந்து விடுகிறது. கானடாவில் மானிடோபா சர்வகலாசாலையில் கார்டன் கீஸ்ப்ரெக்ட் என்று ஒரு பேராசிரியர். ஐஸ் தண்ணீரில் தாமே பலமுறை இறங்கிப் பரீட்சை செய்தவர். அவர் எளிதாக ஒரு கணக்குச் சொல்கிறார்: ஒன்று, பத்து, ஒன்று.

முதல் ஒரு நிமிஷம் மூச்சுக்கு. ஜில்லென்ற தண்ணீர் பட்டதும் நாம் கேட்காமலே வாய் திறந்து ஒரு பெருமூச்சு உள்ளே போகும். நம் வீட்டில் மார்கழி விடியலில் முதல் சொம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டதும் "ஹா!" என்கிறோமே, அதுதான், பல மடங்கு பெரிதாக. அந்தச் சமயம் தலை தண்ணீருக்குள் இருந்தால் காற்றுக்குப் பதில் தண்ணீர்தான் உள்ளே போகும். அடுத்த பத்து நிமிஷம் கை கால்களுக்கு. அதற்குள் ஏறினால் ஏறினதுதான். பிறகு விரல் மடங்காது. கடைசி ஒன்று, ஒரு மணி நேரம். உடம்பின் உள் சூடு குறைந்து நினைவு தப்புவதற்கு ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். குளிர்ந்து சாவதற்கு முன்னால், மூச்சுத் திணறியும் நீந்த முடியாமலும் போகிறவர்களே அதிகம்.

நம்பிக்கை வரவில்லையா? ஒரு வாளியில் ஐஸ் கட்டி போட்டு, ஒரு கையை மட்டும் மூன்று நிமிஷம் வைத்திருந்து விட்டு, அந்தக் கையால் ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள். (சர்க்கரை வியாதி, இரத்த ஓட்டக் கோளாறு, இருதய வியாதி உள்ளவர்கள் தயவு செய்து இதைச் செய்ய வேண்டாம்.)

பனியன் வேண்டாம், அம்மா!

இன்னொரு பரீட்சையும் உண்டு. ஒரு பருத்திப் பனியனையும் ஒரு கம்பளி ஸ்வெட்டரையும் நனைத்துப் பிழிந்து, ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டுக்கொண்டு மின்விசிறிக்கு அடியில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். பனியன் ஈரத் துணி போல உடம்போடு ஒட்டிக்கொண்டு பல் கிட்டும். கம்பளி அவ்வளவு மோசம் செய்யாது.

சென்னை வெயிலுக்குப் பருத்தியைப் போலத் தங்கமான துணி கிடையாது. அது வியர்வையைக் குடிக்கிறது, நம்மைக் குளிர வைக்கிறது. குளிர் தேசத்தில் அந்தக் குணமே குற்றமாகி விடுகிறது. நூலுக்கு நடுவே இருக்கும் காற்றுதான் நமக்குச் சூடு. ஈரப் பருத்தி படிந்து போய், அந்தக் காற்றுக்கு இடமில்லாமல் செய்து விடும். கம்பளி இழை சுருள் சுருளானது. தன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் சுருள் கலையாமல் நிற்கும். பெட்ரோலியத்திலிருந்து எடுத்த பாலியெஸ்டர் இழையில் கம்பளி மாதிரியே 'ஃப்ளீஸ்' என்று ஒரு துணி வந்திருக்கிறது; அது ஈரத்தைக் குடிப்பதே இல்லை என்று சொல்லலாம்.

ஆகையால் பனியன் அரை டஜனையும் வீட்டுக்காரருக்குக் கொடுத்து விடுங்கள். ஜீன்ஸ் கால்சராயும் கயாக்குக்கு ஆகாது, அதுவும் பருத்திதான்.

அப்படியானால் ஸ்வெட்டர் போதுமா என்றால், அதுவும் போதாது. முழுதாகத் தண்ணீரில் விழுந்தவனுக்குக் கம்பளியும் தனியாக நின்று காவல் செய்ய முடியாது. இழைக்குள் இருக்கிற காற்றை ஓடுகிற தண்ணீர் அடித்துக்கொண்டு போய் விடும். கம்பளிக்கு மேலே தண்ணீர் புகாத ஓர் உறை வேண்டும்.

ஊசி காப்பாற்றிய உயிர்கள்

இந்த ரகசியத்தை முதலில் கண்டுபிடித்தவர்கள் யார் தெரியுமா? பெண்கள்!

கயாக் என்பதே கிரீன்லாந்து முதலிய வடதுருவப் பிரதேசத்து இனுயிட் மக்களின் படகு. மரச் சட்டத்தின் மேல் சீல் என்ற கடல் பிராணியின் தோலை இழுத்துத் தைத்தது. அங்கே தண்ணீர் உறைகிற நிலைக்குப் பக்கத்தில் இருக்கும். அதில் சீல் வேட்டைக்கும் மீனுக்கும் போவது ஆண்கள். படகுக்குத் தோல் தைத்ததும் அவர்களுக்கு உடுப்புத் தைத்ததும் பெண்கள்.

கிரீன்லாந்தில் 'துயிலிக்' என்று தோலில் ஒரு மேலங்கி. முகத்தைச் சுற்றிச் சுருக்கு, மணிக்கட்டில் சுருக்கு, கீழ் ஓரத்தைப் படகின் வாயைச் சுற்றி இறுக்கிக் கட்டி விடுவார்கள். படகு கவிழ்ந்தாலும் ஒரு சொட்டு உள்ளே வராது. ஆள் துடுப்பை ஓர் அசைப்பு அசைத்து மறுபடி நிமிர்ந்து விடுவான். அலாஸ்கா பக்கத்துப் பெண்கள் சீல், கடல் சிங்கம் போன்றவற்றின் குடலைச் சுத்தம் செய்து, ஊதிக் காய வைத்து, பட்டை பட்டையாகக் கிழித்துச் சேர்த்துத் தைத்து மழையங்கி செய்தார்கள். கையில் எடுத்தால் காகிதம் போல லேசாக இருக்குமாம்.

தையலில் அவர்கள் செய்த சூட்சுமத்தைக் கேளுங்கள். ஊசி தோலை முழுதும் துளைத்து மறுபக்கம் வராது. பாதிக் கனத்திலேயே நுழைந்து பாதிக் கனத்திலேயே வெளியே வரும். ஓட்டையே இல்லாதபோது ஒழுகுவது எப்படி? நூலுக்குப் பதில் பிராணியின் நரம்பு. அது ஈரம் பட்டதும் உப்பித் தையலை அடைத்துக்கொள்ளும். தையல் ஒன்று தப்பினால் கணவனோ பிள்ளையோ திரும்பி வர மாட்டான். அந்த ஊர்ப் பெண்களுக்குத் தையல் பொழுதுபோக்கு இல்லை. கோபன்ஹேகனிலும் நூக் நகரத்திலும் உள்ள தேசியக் காட்சிசாலைகளில் இந்த உடுப்புகளை இன்றும் வைத்திருக்கிறார்கள்.

இன்றைய உடுப்பு

இப்போது கடையில் கிடைப்பவை இரண்டு வகை.

முதலாவது, 'வெட்ஸூட்'. நியோப்ரீன் என்ற ரப்பரில், உள்ளே நுண்ணிய காற்றுக் குமிழிகளோடு செய்தது. 1952-ல் கலிபோர்னியாவில் ஹியூ பிராட்னர் என்ற பௌதிக சாஸ்திரி இதை யோசித்துச் செய்தார். தண்ணீர் கொஞ்சம் உள்ளே வரும். வந்தது உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகி அங்கேயே நிற்கும். அதனால் உடம்போடு இறுக்கமாக இருக்க வேண்டும். தொளதொளவென்று வாங்கினால் புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், பிரயோஜனம் இல்லை. விலை குறைவு. ஆனால் ஈரத்தோடு காற்றில் மணிக்கணக்காக உட்கார்ந்து தூண்டில் போடுகிறவனுக்குக் குளிரும்.

இரண்டாவது, 'டிரைஸூட்'. நான் பார்த்த இளைஞன் போட்டிருந்தது இதுதான். தண்ணீர் புகாத துணி. கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் வளையம். பாதத்துக்கு அதே துணியில் காலுறை. உள்ளே சொட்டுத் தண்ணீர் வராது. உயர்ந்த ரகத்தில் வியர்வை ஆவி மட்டும் வெளியே போகும். விலையோ, ஆயிரம் டாலருக்கு மேலும் போகிறது. ஆனால் இந்த உடுப்புக்குத் தனியாகச் சூடு கிடையாது. உள்ளே மெல்லிய கம்பளியோ ஃப்ளீஸோ போட்டால்தான் சூடு. உறை இது, சரக்கு அது. பெண்களுக்கென்றே தனி வெட்டில், இயற்கை உபாதைக்குத் தனி ஸிப் வைத்தும் தைக்கிறார்கள். கயாக்கில் மீன் பிடிக்கிற பெண்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள்.

10 டிகிரித் தண்ணீருக்கு டிரைஸூட்தான் உத்தமம். அதற்குப் பணம் சேரும் வரை, நல்ல கனத்தில் அளவாக ஒரு வெட்ஸூட்டும், கரையை விட்டு விலகாத புத்தியும் வேண்டும்.

எதைப் போட்டாலும் அதற்கு மேல் மிதவைச் சட்டை கட்டாயம். முதல் நிமிஷத்துப் பெருமூச்சின்போது தலையைத் தண்ணீருக்கு மேல் நிறுத்துவது அதுதான். அமெரிக்கக் கடற்காவல் படையார் வருஷா வருஷம் கணக்கு வெளியிடுகிறார்கள்: உல்லாசப் படகில் போய் மூழ்கி இறந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் மிதவைச் சட்டை போடாதவர்கள். படகிலே வைத்திருந்தேன் என்றால் ஆகாது. பூட்டை வாசலில் மாட்டாமல் பெட்டிக்குள் வைத்திருந்தாற் போலத்தான்.

தலைக்குக் கம்பளிக் குல்லா, அல்லது நியோப்ரீன் முக்காடு. உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகப் போகிறது என்று சொல்வது மிகை. ஆனால் காதும் நெற்றியும் ஜில்லிட்டால் மூச்சுத் திணறல் அதிகமாகும். கைக்கு நியோப்ரீன் உறை. தூண்டில் முடிச்சுப் போட இரண்டு மூன்று விரல் நுனிகள் மட்டும் மடக்கித் திறக்கிறாற் போல வருகிறது. மீன் தொட்டால் ஈரமாகும். ஆகவே இரண்டு ஜோடி.

இடுப்புக்கு மேலே மார்பு வரை வருகிற ரப்பர்க் கால்சராய் ஒன்று உண்டு. ஆற்றில் நின்று மீன் பிடிக்கிறவர்கள் போடுவது. மலிவாகக் கிடைக்கிறது என்று கயாக்குக்கும் சிலர் போடுகிறார்கள். விழுந்தால் உள்ளே தண்ணீர் நிறையும். தண்ணீருக்குள் இருக்கும்போது அந்தக் கனம் தெரியாது. படகில் ஏறப் போகும்போதுதான் இரண்டு குடம் காலில் கட்டினாற் போல இழுக்கும்.

நிறம் ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பு. கறுப்பும் நீலமும் மாப்பிள்ளை அழைப்புக்கு நன்றாக இருக்கும்; சாம்பல் நிறக் கடலில் தேடுகிறவன் கண்ணுக்குத் தெரியாது.

அம்மா கேட்க வேண்டிய கேள்விகள்

"போகாதே" என்று எழுதாதீர்கள், சகோதரி. பிள்ளை போவான், உங்களிடம் சொல்லாமல் போவான். அதற்குப் பதிலாக இவற்றைக் கேளுங்கள்:

"புறப்படும்போது ஸிப்பைக் கடைசிப் பல் வரை இழுத்தாயா?" டிரைஸூட் வைத்திருந்தும் நனைகிறவர்கள் பலர் இந்த மறதியால்தான் நனைகிறார்கள்.

"அந்த உடுப்போடு கரையோரம் இறங்கிப் பார்த்தாயா?" இடுப்பளவு தண்ணீரில், பக்கத்தில் ஒரு சிநேகிதனை வைத்துக்கொண்டு, விழுந்து மறுபடி படகில் ஏறிப் பழக வேண்டும். குளிருகிறதா, ஒழுகுகிறதா என்பதும் அங்கேயே தெரிந்து விடும்.

"ரப்பர் வளையத்தைப் பார்த்தாயா?" வெயிலும் எண்ணெயும் பட்டால் ரப்பர் வெடிக்கும். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தி, டால்கம் பவுடர் தடவி வைக்க வேண்டும். தூண்டில் முள் குத்தி ஓட்டை விழுவதும் உண்டு. ஒட்டுப் போடும் துண்டு கையிருப்பில் இருக்கட்டும்.

"விஸிலும், தண்ணீர் புகாத உறையில் டெலிபோனும் சட்டையிலேயே இருக்கிறதா? எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று யாரிடம் சொல்லிவிட்டுப் போகிறாய்?"

இன்னொன்று. நனைந்து நடுங்கி வந்தவனுக்குச் சூடு உண்டாகும் என்று மதுவைக் கொடுக்கிற வழக்கம் பல தேசங்களில் உண்டு. அது தோலுக்கு இரத்தத்தை வரவழைத்து, இருக்கிற சூட்டையும் வெளியே விட்டு விடும். கை காலைப் பரபரவென்று தேய்ப்பதும் கூடாது. ஈரத்தை மாற்றி, கம்பளியில் சுற்றிப் படுக்க வைத்து, நல்ல நினைவோடு இருந்தால் சர்க்கரை தூக்கலாக ஏதாவது சூடாகக் கொடுக்க வேண்டும். நினைவு மங்கினாலோ, நடுக்கம் தானாக நின்று போய்ப் பேச்சுக் குழறினாலோ உடனே வைத்தியரை அழைக்க வேண்டும்.

குளிர் காலத்தை விட மே மாதத்தில் கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். டிசம்பரில் குளிரே எச்சரித்து விடும். வசந்தத்தில் மேலே வெயில், கீழே 11 டிகிரி. அரைக்கை சட்டையோடு இறங்கி விடத் தோன்றும். நானே ஏமாந்தேனே!

சரி, ஸ்வெட்டர் என்ன ஆவது? வீணாகாது, அம்மா. கனமான ஸ்வெட்டரை டிரைஸூட்டுக்குள் திணித்தால் கை வீச வராது. ஆகவே அதையும் ஒரு கம்பளிக் கால்சராயையும் தண்ணீர் புகாத பையில் போட்டுப் படகிலேயே கட்டி வைக்கச் சொல்லுங்கள். நனைந்து கரையேறின பிள்ளைக்கு அந்த நிமிஷத்தில் அதைவிட உயர்ந்த உடுப்பு உலகத்தில் கிடையாது. மீதி நூலில் காதை மூடும் குல்லா ஒன்று பின்னி அனுப்புங்கள். ஆரஞ்சு நிற நூலாகவே இருக்கட்டும். பனியன் வாங்கின பணத்துக்கு மெல்லிய கம்பளி உள்சட்டை ஒன்று வரும்.

பார்ஸலுக்குள் இந்தப் பக்கத்தையும் மடித்து வையுங்கள். அம்மா சொன்னால் கேட்காத பிள்ளைகள், பத்திரிகையில் வந்தால் கேட்பதுண்டு!